வில் செய்ய மரம் கேட்டு வந்தவர்

கன அடி போடுவதையும், பர்மா தேக்குக்கும் நாட்டுத் தேக்குக்கும் உள்ள நிற வித்தியாசத்தையும் நான் உங்களுக்குச் சொல்லித் தரப் போவதில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு இந்த மரக்கடையில் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் அதையெல்லாம் ஆறு மாதத்தில் தெரிந்துகொள்வீர்கள். தென்காசியில் முப்பத்தொரு வருடம் மரம் பார்த்துக் கொடுத்தவன் நான். வீட்டு நிலை, கதவு, கட்டில், மாட்டு வண்டி, கோயில் சப்பரம் என்று எத்தனையோ காரியங்களுக்கு மரம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை எனக்கு ஞாபகம் இல்லை. நான் தப்பாக எடுத்துக் கொடுத்த ஒரு சட்டம் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. ஒரு தை மாதம், காலை பத்து மணி இருக்கும். வலது காலை மடக்காமல், விறைப்பாக இழுத்தபடி ஒருவர் உள்ளே வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒட்ட வெட்டிய முடி. பார்த்ததுமே மிலிட்டரி என்று தெரிந்தது.

"அண்ணாச்சி, ஆறடி நீளத்துல ஒரு சட்டம் வேணும். கணு இருக்கக் கூடாது."

"எதுக்கு சார்?"

"வில்லு செய்ய."

பக்கத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். வெளிநாட்டில் ஒரு கிழவர், ஒரே மரத்திலிருந்து தன் உயரத்துக்கு ஒரு வில்லைச் செதுக்கி எடுக்கிறார். அந்த மரத்தின் பெயர் என் வாயில் நுழையவில்லை. இங்கே கிடைக்காத மரம் என்பது மட்டும் புரிந்தது.

அவர் பெயர் முருகையா. சிவகிரிக்காரர். பட்டாளத்தில் இருந்தபோது வண்டி கவிழ்ந்து முட்டி நொறுங்கிவிட்டது. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய பிரிவில் வடகிழக்கு மாநில மலைகளைச் சேர்ந்தவர்கள் சிலர் இருந்தார்களாம். லீவு நாளில் மூங்கில் வில் செய்து குறி வைத்து விளையாடுவார்கள். அவர்களோடு சேர்ந்து இவரும் எய்யப் பழகியிருக்கிறார். ஆனால் சொந்தமாக ஒன்று செய்ததில்லை.

"இந்தக் கால வச்சுக்கிட்டு வயல்ல எறங்க முடியல, அண்ணாச்சி. வாட்ச்மேன் வேலைக்குப் போனாலும் ஓடணும்ங்கான். வில்லு மட்டுந்தான் நின்ன எடத்துல நின்னு செய்யுற காரியம்" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இவருக்கு நல்ல மரமாகக் கொடுக்க வேண்டும் என்று மனதார நினைத்தேன். நினைத்ததில் தப்பில்லை. ஆனால் நல்ல மரம் என்றதும் என் கை தானாகத் தேக்கு அடுக்குக்குப் போய்விட்டது. அதில் பொன் நிறத்தில், முகத்தில் வரி வரியாக நேர்க்கோடு ஓடும் ஒரு சட்டத்தை உருவி எடுத்தேன். கணு இல்லை, வெடிப்பு இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் கொஞ்சம் நின்று பார்ப்பார்கள், அப்படி ஒரு அழகு. "இதைவிட நல்லது இந்த ஜில்லாவிலேயே கிடைக்காது" என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் அதைத் துணி சுற்றி, பஸ்ஸில் நட்டமாகப் பிடித்துக்கொண்டு போனார்.

வைகாசி கடைசியில் திரும்பி வந்தார். இடது கண்ணுக்கு ஒரு விரல் கீழே கன்னத்தில் ஆறு தையல். கையில் ஒரு சாக்குப் பை. அதற்குள் வில் இரண்டு துண்டாக இருந்தது.

"கோவப்பட வரல அண்ணாச்சி. நாலு மாசம் இழைச்சேன். முழுசா இழுத்தப்போ வெடிச்சிருச்சு. எங்கன தப்பு பண்ணுனேன்னு நீங்க பாத்துச் சொன்னா, அடுத்த தடவ திருத்திக்கிடுவேன்."

கடையில் அப்போது நான்கைந்து வாடிக்கையாளர்கள் நின்றார்கள். முதலாளியும் கல்லாவில் இருந்தார். எல்லோருக்கும் எதிரில் அந்தத் துண்டுகளை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டினேன். ஒரு பக்கம் மற்றதைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தது போலத் தோன்றியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

"நீங்க இந்தப் பக்கத்தை ரொம்ப இழைச்சிட்டீங்க சார். பாரம் பூரா ஒரே இடத்துல விழுந்திருக்கு. மரத்துல ஒண்ணும் இல்ல."

அவர் தலையை ஆட்டினார். "ஆமா அண்ணாச்சி. எனக்குக் கை பழகல" என்றார். துண்டுகளை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, கூட்டம் இல்லாத நேரத்தில் அந்தத் துண்டுகளை வெளிச்சத்தில் பார்த்தேன். முறிவு குறுக்காக இல்லை. கத்தியால் சீவியது போலச் சரிவாகப் போயிருந்தது. சட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பினேன். முகத்தில் நேர்க்கோடாக ஓடிய நார், பக்கவாட்டில் சரிந்து இறங்கி, ஒரு சாண் தூரத்துக்குள் மரத்தை விட்டே வெளியே போய்விட்டது. அந்தச் சரிவின் வழியாகத்தான் பிளந்திருக்கிறது. எந்தக் கொம்பன் இழைத்திருந்தாலும் அது முறிந்திருக்கும். தை மாதம் அதை எடுத்துக் கொடுத்தபோது ஒரே ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அதன் முகம் அழகாக இருந்ததால் நான் திருப்பவே இல்லை.

மரம் தப்பாகக் கொடுத்தது ஒரு பிழை. நம் தொழிலில் அது யாருக்கும் நடக்கும். அதை அவர் கை மேல் போட்டேனே, அது வேறு. அவருடைய போன் நம்பர் பில் புத்தகத்தில் இருந்தது. அன்றைக்கே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் ஓட்டினேன்.

பதினோராம் நாள் ஒரு பெண் வந்தார். சிவகிரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"நான் மிலிட்டரிக்காரர் வீடு. பேரு செல்வி. அவுக மறுபடி மரம் கேட்டு வருவாவ. நீங்க குடுக்காதிய அண்ணாச்சி. ஒரு விரக்கடையில கண்ணு தப்பிச்சிருக்கு. காலும் போயி கண்ணும் போனா நான் என்ன செய்வேன்?"

"சரி தாயி, கொடுக்கல" என்று சொல்லி அனுப்பிவிட எனக்கு ஒரு நொடி ஆகாது. அவரும் நிம்மதியாகப் போயிருப்பார். என் தப்பும் அத்தோடு புதைந்திருக்கும். அதைத்தான் சொல்லவும் வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொன்னார்:

"பத்து நாளா வீட்டுல ஒரே பேச்சுதான். 'என் கை எதுக்கும் லாயக்கில்ல'ங்காவ. சாப்பிடும்போது கையப் பாத்துக்கிட்டே இருக்காவ. எனக்குப் பயமா இருக்கு."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. உள்ளே போய் அந்தத் துண்டுகளை எடுத்து வந்து, நார் ஓட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். "அவர் கையில ஒரு தப்பும் இல்ல தாயி. மரத்தை நான் பார்க்காம கொடுத்திட்டேன். அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்லல."

அவர் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "இத என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்?" என்றார். "ஞாயித்துக்கிழமை முட்டிக்கு எண்ணெ தேய்க்க குத்தாலம் வருவாவ. அங்கன வந்து அவுகட்ட சொல்லுங்க."

போனேன். சாரல் ஆரம்பித்திருந்த நேரம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே முகத்தில் தூறல் அடித்தது. அருவிக்குப் போகிற வழியில் வரிசையாக எண்ணெய் தேய்ப்பவர்கள். ஒரு பலகையில் முருகையா காலை நீட்டி உட்கார்ந்திருக்க, ஒருவர் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். செல்வி குடையோடு தள்ளி நின்றார்.

குசலம் விசாரித்துத் தொடங்கலாம் என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். நேரில் பார்த்ததும் அதெல்லாம் மறந்துவிட்டது.

"தம்பி, வில்லு முறிஞ்சது உங்க கையால இல்ல. நார் சரிஞ்ச மரத்தை நான்தான் கொடுத்தேன். அன்னைக்குக் கடையில நாலு பேரு முன்னால உங்கமேல பழியப் போட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

அவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு, "நான் இழைச்சது சரியாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"சரியாத்தான் இருந்துச்சு."

"ஒரு பக்கம் மெலிஞ்சிருந்துச்சுன்னு சொன்னிய."

"கொஞ்சம். அதனால முறியல."

மூன்றாவது தடவையும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். அதற்குப் பிறகுதான் மூச்சை விட்டார். என்மேல் கோபப்பட அவருக்கு ஞாபகமே வரவில்லை.

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் நடுவில் புகுந்தார். "என்ன மரம் குடுத்திய?"

"தேக்கு."

அவர் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். "தேக்குல எவனாவது காவடிக் கம்பு போடுவானா?"

அவர் என்னைவிட இருபது வயது இளையவர். பெயரை நான் அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. சீசன் இல்லாத மாதங்களில் செங்கோட்டைக்கு மேற்கே தோட்டங்களில் மரம் வெட்டப் போகிறவர். சுமை தூக்கும் கம்பு, கோடாலிக் காம்பு எல்லாம் அவரே செதுக்கிக்கொள்வாராம்.

"ரெண்டு பக்கமும் ரெண்டு எண்ணெ டின்ன தொங்கவிட்டு நடந்தா கம்பு வளைஞ்சு வளைஞ்சு வரும். எறக்கி வச்சா பழையபடி நேராயிரும். அதுக்குச் சடச்சிதான். உங்க பக்கம் தடசும்பிய. தேக்கு நின்னு தாங்கும் அண்ணாச்சி, வளைஞ்சு குடுக்காது. மரக்கடைக்காரருக்கு இது தெரியாமலா இருக்கும்?"

தெரியும். அதுதான் வெட்கம். தடசு கோடாலிக் காம்புக்குப் போகும் என்று எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். ஆனால் வில் என்ற வார்த்தையைக் கேட்டதும், அந்த மரம் என்ன வேலை செய்யப் போகிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மதிப்பான காரியம், அதனால் மதிப்பான மரம் என்று போய்விட்டேன். உங்களிடம் யார் எதற்கு மரம் கேட்டாலும், அது தாங்க வேண்டுமா, வளைய வேண்டுமா, தண்ணீரில் கிடக்க வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்.

அப்போதே போய் வெட்டிவிடலாம் என்று முருகையா துடித்தார். எண்ணெய்க்காரர்தான் தடுத்தார். "சாரல்ல வெட்டுனா மரம் பூரா தண்ணி. ஐப்பசி மழையும் போகட்டும். தையில பாப்போம்."

செல்வி குடையோடு கிட்டே வந்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவுக செய்யட்டும். ஆனா மொத தடவ முழுசா இழுக்கது நீங்கதான் அண்ணாச்சி. நீங்க எடுத்துக் குடுக்க மரத்த நீங்கதான் இழுக்கணும். சம்மதம்னா சொல்லுங்க."

நான் வாழ்நாளில் வில்லைத் தொட்டதில்லை. சம்மதம் என்றேன்.

தை பிறந்து ஒரு வாரத்தில் நானும் முருகையாவும் எண்ணெய்க்காரரும் செங்கோட்டைக்கு மேற்கே ஒரு பட்டாத் தோட்டத்துக்குப் போனோம். வனத்துறையில் பாஸ் வாங்கி வெட்டிய தடசு இரண்டு கிடந்தன. ஒன்று நல்ல உருட்சி, மினுமினுப்பு. தோட்டக்காரர் அதைத்தான் தட்டித் தட்டிக் காட்டினார். மற்றது ஒல்லி. தோல் செதில் செதிலாக உரிந்து, பார்க்க நோயாளி போல இருந்தது. தோட்டக்காரருக்கு அவசரம். லாரி வந்து நின்றுவிட்டது. "ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுங்க, மத்தத ஏத்தணும்" என்று நின்றார்.

என் கண் மறுபடியும் உருட்சியான மரத்துக்குத்தான் போனது. ஆனால் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. எண்ணெய்க்காரர் குனிந்து, அரிவாளால் கீறி, இரண்டு மரத்திலும் ஒரு விரல் அகலத்துக்குத் தோலைப் பிடித்து இழுத்தார். மினுமினுப்பு மரத்தில் தோல் கிழிந்துகொண்டே மரத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஒல்லி மரத்தில் அடியிலிருந்து நுனி வரை நாடா போல நேராக உரிந்து வந்தது.

"தோல் போற வழிதான் நார் போற வழி. இந்த முறுக்கு மரத்துல வில்லு செஞ்சா அது நம்ம பக்கமே திரும்பிப் பாக்கும்" என்றார்.

ஒல்லி மரத்தை எடுத்தோம். ரம்பத்தில் கொடுக்கவில்லை. ரம்பம் நாரைப் பார்க்காமல் தன் வழியில் போய்விடும். ஆப்பு அடித்துப் பிளந்தோம். பிளவு நாரோடு போகிறது. மறைக்க ஒன்றும் இல்லை. முதல் பிளவில் உள்ளே ஒரு கணு ஒளிந்திருந்தது. ஒதுக்கினோம். இரண்டாவது சுத்தமாக வந்தது. முருகையா அதைக் கையில் வாங்கினார். முகத்தைப் பார்த்தார், பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார், மறுபடி திருப்பினார். பிறகு என்னிடம் நீட்டினார். நானும் நான்கு பக்கமும் பார்த்தேன்.

இரண்டு முனையிலும் மெழுகு பூசி, கடையின் பின்கட்டில் நிழலில் வைத்தேன். மாதத்துக்கு ஒரு தடவை தராசில் போடுவேன். எடை குறைகிற வரை மரத்துக்குள் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். சித்திரையில் நன்றாகக் குறைந்தது. ஆனியில் சாரல் காற்று வந்ததும் நின்றுவிட்டது, கொஞ்சம் ஏறவும் செய்தது. முருகையா வாரா வாரம் போன் செய்வார். "காய்ஞ்சிருச்சா அண்ணாச்சி?" முதலாளியும், "கதவு மரம் காய வைக்கிற சூட்டு அறையில ரெண்டு நாள் போட்டு அனுப்பி விடுமேன்யா, ஒரு கம்புக்கு இம்புட்டுப் பாடா?" என்று கேட்டார்.

ஒரு நாள் உண்மையிலேயே அந்த அறை வாசல் வரை அதைக் கொண்டுபோனேன். முருகையாவின் குரலில் இருந்த ஆசை என்னையும் தொற்றிக்கொண்டிருந்தது. சூட்டில் அவசரமாகக் காய்ந்தால் மேலே காய்ந்து உள்ளே வெடிக்கும். வெடிப்பு வெளியே தெரியாது. கன்னத்துத் தையல் நினைவு வந்தது. திருப்பிக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தேன். போனில், "இன்னும் ஆகல தம்பி" என்றேன். "சரி அண்ணாச்சி. நீங்க சொன்னா சரி" என்றார். அந்தச் சொல்லுக்கு நான் தகுதியானவனா என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

ஆவணி, புரட்டாசியில் வெயில் அடித்து, இரண்டு தடவை தராசில் எடை அசையாமல் நின்ற பிறகுதான் கொடுத்தேன். தோலுக்கு அடுத்த அடுக்கு வில்லின் வெளிப்புறமாக இருக்க வேண்டும், அதை மட்டும் எங்கேயும் வெட்டிவிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அவர் அவசரப்படவில்லை. நாலு மாதம் எடுத்துக்கொண்டார்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சொன்னபடி சிவகிரி போனேன். வீட்டுக்குப் பின்னால் காலி நிலம். அதைத் தாண்டி அவர்களுடைய எலுமிச்சைத் தோப்பு. வைக்கோல் திணித்த சாக்கு ஒன்றைக் குறிக்காக நிறுத்தியிருந்தார்கள். முருகையா வில்லை என் கையில் கொடுத்தார். எண்ணெய் தடவி, ஆளுயரத்துக்கு இருந்தது. பார்க்க அவ்வளவு அழகில்லை. ஒரு இடத்தில் நார் லேசாக நெளிந்திருந்தது. அவரும் அந்த நெளிவோடேயே இழைத்திருந்தார், வெட்டி நேராக்கவில்லை.

செல்வி வீட்டுக்குள் போய் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார். "இத மாட்டிக்கிடுங்க. உங்க கண்ணும் கண்ணுதான்."

மாட்டிக்கொண்டேன். உள்ளே என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. முருகையா பக்கத்தில் வந்து நின்று, எங்கே பிடிக்க வேண்டும், எது வரை இழுக்க வேண்டும் என்று காட்டினார். அவரைத் தள்ளிப் போகச் சொன்னேன். இழுத்தேன். பாதி வரை சுலபமாக வந்தது. அதற்கு மேல் தோள் நடுங்கியது. மரம் மெல்ல முனகியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் விட்டுவிடலாம் போல இருந்தது. ஹெல்மெட் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தேன். வில்லின் இரண்டு பக்கமும் ஒரே அளவாக வளைந்திருந்தன.

"முழுசா" என்றார் செல்வி. "அவுக இழுப்பாவல்லா, அந்த அளவுக்கு."

தாடை வரை இழுத்தேன்.

"பத்து எண்ணுதேன். அப்படியே நில்லுங்க."

ஒன்று, இரண்டு என்று அவர் நிதானமாக எண்ணினார். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வேண்டுமென்றே நிறுத்தினாரோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். பத்து வந்ததும் மெதுவாகத் தளர்த்தினேன். வில் நேராயிற்று. கையில் கொஞ்சம் சூடு தெரிந்தது, வேறு ஒன்றும் இல்லை.

செல்வி என் கையிலிருந்து வில்லை வாங்கி, நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, புருஷனிடம் கொடுத்தார்.

இதைச் சொல்லும்போது பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கொடுத்த மரம் ஒரு நாள் யாரோ ஒருவருடைய வீட்டில் முறியும். அவர் துண்டோடு கடைக்கு வருவார். நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது அவருடைய கையைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் மரத்தைப் பாருங்கள். தப்பு நம்முடையது என்றால் அங்கேயே, அந்த நாலு பேர் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பத்து நாள் தள்ளிப்போட்டதால் ஒரு மனிதர் தன் கைகளை எப்படிப் பார்க்க ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியும்.

முருகையா கால்களை அகட்டி, விறைத்த காலை முன்னால் வைத்து நின்றார். அம்பைத் தொடுத்தார். பட்டாளத்தில் நின்றதைப் போல அவர் உடம்பு நேராயிற்று. விட்டார். அம்பு சாக்குக்கு மேலே போய், நிலத்தைத் தாண்டி, எலுமிச்சைத் தோப்புக்குள் விழுந்தது.

"இருங்க, நான் எடுத்துட்டு வாரேன்" என்று செல்வி கிளம்பினார்.

"நீ நில்லு, ஏட்டி. என் அம்பு" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். வரப்பில் காலை இழுத்து இழுத்து, வில்லை ஊன்றாமல், கையில் தூக்கிப் பிடித்தபடி போனார். செல்வி அசையாமல் நின்றார். "தோப்புக்குள்ள அவுக போயி ரெண்டு வருசம் ஆச்சு" என்று மெதுவாகச் சொன்னார். என்னிடம்தான் சொன்னாரா என்று தெரியவில்லை.

மரங்களுக்கு நடுவில் அவர் மறைந்து கொஞ்ச நேரம் ஆயிற்று. விழுந்துவிட்டாரோ என்று எனக்குப் பதறியது. அப்போது உள்ளேயிருந்து அதட்டலாக ஒரு குரல் வந்தது.

"ஏட்டி செல்வி! என்ன தோப்புப் பாக்க நீ? பழம் பூரா கீழ கெடந்து அழுகுது. கூடைய எடுத்துட்டு வா, வெரசா!"

செல்வி சிரித்தாரா அழுதாரா, நான் பார்க்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு தோப்பைப் பார்த்து ஓடினார். இருவரும் உள்ளே சண்டை போட்டுக்கொண்டு பழம் பொறுக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.